நடையா, ஓட்டமா, பளுவா: எந்த வயதில் எதற்கு முதலிடம்?

அம்மாவுக்கு வயது 73. தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நடப்பார். மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடப்பார். உடம்பைப் பற்றி யார் விசாரித்தாலும் "எனக்கென்ன, தினமும் நடக்கிறேனே" என்பார். போன வருடம் ஒருநாள் அவர் சோபாவிலிருந்து எழுவதைத் தற்செயலாகக் கவனித்தேன். முதலில் விளிம்புக்கு நகர்ந்து வந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைமேல் ஊன்றினார். ஒருமுறை முன்னால் சாய்ந்து பார்த்தார், எழ முடியவில்லை, மறுபடியும் சாய்ந்தார், மூன்றாவது உந்தலில்தான் எழுந்தார். எழுந்த பிறகும் ஒரு கணம் நின்று நிதானித்துவிட்டுத்தான் அடியெடுத்து வைத்தார். முக்கால் மணி நேரம் சளைக்காமல் நடக்கிற அதே கால்கள்.

சமதளத்தில் நடக்கும்போது முழங்கால் கொஞ்சம்தான் மடங்குகிறது. தொடைத் தசை தன் பலத்தில் சிறு பங்கைச் செலவிட்டாலே போதும். தாழ்வான இருக்கையிலிருந்து எழும்போது அதே தசை, நன்றாக மடங்கிக் கிடக்கும் முழங்காலை நிமிர்த்தி, உடம்பின் பெரும்பகுதி எடையை மேலே தூக்க வேண்டியிருக்கிறது. முதல் வேலையை எத்தனை ஆயிரம் தடவை செய்தாலும் இரண்டாவது வேலைக்கான பலம் வந்துவிடாது. அன்றிலிருந்து, "எந்த உடற்பயிற்சி நல்லது?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இந்த வயதில் உங்கள் உடம்பில் எது குறைந்துகொண்டு வருகிறது?" அதற்கு எது ஈடு கொடுக்கிறதோ அதற்குத்தான் முதலிடம். பிடித்ததை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு செய்யவேண்டும் என்பதில் பெரிய சண்டை கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 18 முதல் 64 வயது வரையுள்ளவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடுமையான பயிற்சி என்கிறது. இரண்டையும் கலந்தும் செய்யலாம். கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது, முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வேலை கொடுக்கும் வலுப்பயிற்சி. 65-ஐத் தாண்டியவர்களுக்குக் குறைத்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அதே அளவைச் சொல்லிவிட்டு, சமநிலையையும் வலுவையும் சேர்த்து வளர்க்கும் பயிற்சி வாரம் மூன்று நாளாவது வேண்டும் என்று கூடுதலாகவும் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். வயது ஏற ஏறப் பட்டியல் நீள்கிறது. ஒரே ஆறுதல், தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை இப்போது இல்லை. இரண்டு நிமிடம் மாடிப்படி ஏறினாலும் அது வரவுதான்.

மிதமானதா கடுமையானதா என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமானது. நான்கு சொல் பேசுவதற்குள் மூச்சு வாங்குகிறது என்றால் கடுமையானது. 220-இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத் துடிப்பு கிடைக்கும் என்ற கணக்கு பலருக்கும் மனப்பாடம். அது கூட்டத்துக்கான சராசரி. தனி ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருப்பது சாதாரணம். இதயத் துடிப்பைக் குறைக்கும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்தக் கணக்கு உதவவே உதவாது.

நடை

நடையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. சும்மா இருப்பவர் நடக்கத் தொடங்குவதைவிடப் பெரிய தாவல் உடற்பயிற்சியில் வேறு கிடையாது. 1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுவதும் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, இரட்டை மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அதுதான் பிள்ளையார் சுழி. ஆனால் நடத்துநர் செய்தது சமதள நடை இல்லை, படியேற்றம். இதை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

பத்தாயிரம் அடி என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஆராய்ச்சிக்கூடத்தில் பிறக்கவில்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு 'மன்போ-கெய்' என்று பெயர் வைத்தார்கள். பத்தாயிரம் அடி மீட்டர் என்று பொருள். விளம்பரம் மருத்துவமாகிவிட்டது. அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள பெண்களிடையே நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிவாக்கில் அந்தப் பலன் ஏறுவது நின்றுவிட்டது. எனவே மாலையில் கருவியைப் பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் அறுநூறு அடிக்காகப் படுக்கையறையைச் சுற்றிவரும் பெரியவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். அடிகளின் எண்ணிக்கையைவிட வேகத்தைப் பாருங்கள்: நிமிடத்துக்கு நூறு அடி என்பது பெரும்பாலானவர்களுக்கு மிதமான பயிற்சியின் தொடக்கம். அரட்டையடித்துக்கொண்டு உலாவுவது உறவுக்கு நல்லது, இதயத்துக்கு அவ்வளவு இல்லை.

நடை தராதவை மூன்று: தொடைக்கும் இடுப்புக்கும் மேலுடம்புக்கும் வலு, எலும்பு வலுவடையப் போதுமான அதிர்வு, தடுமாறும்போது சமாளிக்கும் திறன். இளமையில் இந்த மூன்றும் வேறு வழிகளில் கிடைத்துவிடும். ஐம்பதுக்கு மேல் தேடிப்போய்ச் செய்தால்தான் உண்டு.

ஓட்டமும் அதன் தம்பிகளும்

நேரமில்லாதவர்களுக்கு ஓட்டம் நல்ல பேரம். வழிகாட்டுதலின் கணக்குப்படி ஒரு நிமிட ஓட்டம் இரண்டு நிமிட வேக நடைக்குச் சமம். நுரையீரலும் இதயமும் சேர்ந்து தசைக்குப் பிராணவாயு கொண்டுசேர்க்கும் திறன், உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் பத்து சதவீதம் குறைகிறது; கடுமையான பயிற்சிதான் அதை நன்றாகத் தடுத்துப் பிடிக்கும்.

"முழங்கால் தேய்ந்துவிடாதா?" என்பது வழக்கமான கேள்வி. பல ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் வெளியான ஒரு தொகுப்பில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் சுமார் 3.5 சதவீதத்தினருக்கு இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் அது சுமார் 10 சதவீதம். போட்டி ஓட்டக்காரர்களில் 13. முழங்கால் வலி வந்தவர்கள் ஓட்டத்தையே விட்டுவிட்டிருப்பார்கள் என்பதால் முதல் எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஆனால் அளவோடு ஓடினால் மூட்டு தேயும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை என்பது தெளிவு.

ஓட்டத்தின் உண்மையான ஆபத்து மூட்டில் இல்லை, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணில் இருக்கிறது. சொந்த அனுபவம். 44 வயதில், பதினைந்து வருட இடைவெளிக்குப் பிறகு, நான் மீண்டும் ஓட ஆரம்பித்தேன். முதல் வாரம் மூச்சிரைத்தது; இரண்டாவது வாரம் இரைப்பு குறைந்தது; மூன்றாவது வாரம் இளமை திரும்பிவிட்டதாக நம்பித் தூரத்தை இரட்டிப்பாக்கினேன். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலுக்கு மேலே கம்பியால் இழுத்ததுபோல் ஒரு வலி. குதிகால் நாண் வீங்கியிருந்தது. நான்கு மாதம் ஓட்டம் இல்லை. இதயமும் தசையும் சில வாரங்களில் பழகிக்கொள்கின்றன. நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதற்குப் பல மாதங்கள் வேண்டும். மூச்சு அனுமதி கொடுத்துவிட்டது என்பதற்காகக் கால் கொடுக்காது. நாற்பதுக்கு மேல் தொடங்குகிறவர்கள் முதல் இரண்டு மாதம் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பதே உத்தமம். எவ்வளவு எளிதாகத் தோன்றினாலும் அதற்குமேல் போகவேண்டாம்.

நீச்சலும் சைக்கிளும் மூட்டுவலிக்காரர்களுக்கும் உடல் எடை மிகுந்தவர்களுக்கும் வரப்பிரசாதம். இதயத்துக்கு ஓட்டத்துக்கு இணையான வேலை கொடுக்கும், மூட்டை வதைக்காது. ஆனால் உடம்பைத் தண்ணீரும் இருக்கையும் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு ஏறக்குறைய எதுவும் கிடைப்பதில்லை. அவற்றை மட்டுமே செய்பவர்கள் பளுப்பயிற்சியைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பளு

என் கட்சி இதுதான் என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். முப்பதைத் தாண்டியதும் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. அறுபதுக்கு மேல் கரையும் வேகம் கூடுகிறது. தசையின் அளவைவிட அதன் வலு விரைவாகவும், வலுவைவிட அதை நொடியில் திரட்டும் சக்தி இன்னும் விரைவாகவும் குறைகின்றன. தடுக்கி விழப்போகும்போது காலை முன்னால் வீசி ஊன்றவேண்டுமே, அதற்குத் தேவை அந்தச் சக்திதான்.

இதில் படுக்கை வேறு. 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்து சோதித்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரைத் தேடிப்பிடித்து மறுபடி அளந்தபோது ஒன்று தெரிந்தது: முப்பது வருட முதுமை குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களின் உழைப்புத் திறனை அதிகம் குறைத்திருந்தது. காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ வந்து இரண்டு வாரம் படுக்கும் எழுபது வயதுக்காரர் ஏன் பழையபடி எழுந்து நடமாடுவதில்லை என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. சேமிப்பில் தசை இருந்தால்தான் படுக்கை கேட்கும்போது கொடுக்கலாம்.

"இந்த வயதிலா?" என்பவர்களுக்கு 1990-இல் வெளியான ஓர் ஆய்வை நினைவூட்டுவேன். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றிலிருந்த, 86 முதல் 96 வயதுவரையான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கான கடினமான பளுப்பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஆய்வு சிறியதுதான். ஆனால் தசை எந்த வயதிலும் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பதைப் பின்வந்த பெரிய ஆய்வுகளும் உறுதி செய்திருக்கின்றன.

எலும்புக்கும் இதுவே. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு அடர்த்தி வேகமாகக் குறையும். ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, 58 வயதைத் தாண்டிய பெண்களிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் வீதம், எட்டு மாதம் கனமான எடை தூக்கவும் குதித்து இறங்கவும் வைத்தார்கள். கீழ் முதுகெலும்பின் அடர்த்தி அவர்களுக்கு 2.9 சதவீதம் ஏறியது; வீட்டில் இலேசான பயிற்சி செய்த மற்றொரு குழுவுக்கு 1.2 சதவீதம் இறங்கியது. ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அவர்கள் பயிற்சியாளரின் கண்முன்னே செய்தார்கள். இதைப் படித்துவிட்டுத் தனியாக வீட்டில் குதிக்க ஆரம்பிக்கவேண்டாம்.

பளு என்றதும் இரும்புத் தட்டுகளும் கண்ணாடிச் சுவரும் கண்முன் வரவேண்டியதில்லை. தண்டால், பஸ்கி, படியேற்றம், ரப்பர் பட்டையை இழுப்பது எல்லாம் பளுதான். தரையில் தண்டால் எடுக்க முடியாதவர் சுவரில் கை ஊன்றி எடுக்கலாம், பிறகு மேஜை விளிம்பு, பிறகு தாழ்ந்த படி, கடைசியில் தரை. எடை போதுமா என்பதற்கு ஒரே அளவுகோல்: எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை செய்யும்போது கடைசி இரண்டு தடவை நிஜமாகவே சிரமமாக இருக்கவேண்டும். சிரமமில்லாமல் முப்பது தடவை தூக்கினால் அது கைவீச்சு. தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். மூச்சை அடக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாள் வேலை வைக்கவேண்டாம். முதல் வாரத்தில் தசைவலி வரும். ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சம் தொட்டுத் தணியும். மூட்டுக்குள் குத்தும் வலி வேறு ஜாதி. அது வந்தால் நிறுத்திவிடுங்கள்.

யோகாவைப் பற்றிக் கேட்பார்கள். உடல் வளைவதற்கும், மூச்சு சீராவதற்கும், மனம் அடங்குவதற்கும் நல்லது. நின்று செய்யும் ஆசனங்கள் சமநிலைக்கும் உதவும். ஆனால் மூச்சிரைக்க வைக்காத யோகா 150 நிமிடக் கணக்கை நிரப்பாது, பெரும்பாலான ஆசனங்கள் வலுவுக்கும் போதாது. எலும்பு மெலிந்தவர்கள் முதுகை ஆழமாக முன்வளைக்கும் ஆசனங்களைத் தவிர்ப்பது நல்லது. முதுகெலும்பு நசுங்க வாய்ப்பு உண்டு.

வயதை வைத்துப் பார்த்தால்

இருபதுகளில் இருப்பவருக்கு நடையைப் பரிந்துரைக்கவே மாட்டேன். அது அவருக்கு ஓய்வு. இருபதுகளின் இறுதிக்குள் எலும்பு தன் உச்ச அடர்த்தியைத் தொட்டுவிடும். அதற்குள் குதிப்பதும் ஓடுவதும் பளு தூக்குவதும் வாழ்நாள் வைப்புநிதி. பந்து விளையாட்டு ஏதாவது ஒன்றும் வாரம் இரண்டு நாள் பளுவும் இருந்தால் போதும். மார்பும் புஜமும் மட்டும் வளர்த்துவிட்டுக் காலை மறந்துவிடுவது இந்த வயதின் நோய்.

முப்பத்தைந்திலிருந்து அறுபது வரைதான் முடிவெடுப்பது கடினம், ஏனென்றால் நேரமே இருக்காது. வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் அதை இப்படிப் பிரிப்பேன்: பளுவுக்கு இரண்டு தடவை நாற்பது நிமிடம், மிச்சத்தை வேக நடைக்கோ, ஓட்டத்துக்கோ, சைக்கிளுக்கோ. ஒரு மணி நேரம்தான் உண்டு என்றால் பளுவை இரண்டு இருபது நிமிடமாகச் சுருக்கிவிட்டு, மாடிப்படியை நம்புவேன். பளுவை மட்டும் கைவிட மாட்டேன்.

அறுபதுக்கு மேல் வரிசை தலைகீழ். முதலில் வலு, கூடவே சமநிலை, அப்புறம் நடை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட மறுஆய்வு, உடற்பயிற்சி முதியவர்கள் விழுவதைச் சுமார் 23 சதவீதம் குறைக்கிறது என்று கணக்கிட்டது. அந்தப் பலனைக் காட்டியவை முக்கியமாகச் சமநிலைப் பயிற்சியும், எழுவது, திரும்புவது, படியேறுவது போன்ற அன்றாட அசைவுகளைப் பயிலும் பயிற்சியும்தான். மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சியான தாய் சியும் உதவியது. வெறும் நடை விழுவதைக் குறைக்கும் என்பதற்கு அதில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. சமநிலைக்குச் செலவே இல்லை: பல் துலக்கும்போது ஒரு கையால் தொட்டித் திண்டைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்பது, பழகியதும் ஒரு விரலால் மட்டும் தொட்டுக்கொள்வது, பிறகு விரலையும் எடுப்பது. பத்து நொடி நிற்க முடியவில்லை என்றால் எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

இடம் எதுவாக இருக்கலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிம்முக்குப் போனால் எடையைப் படிப்படியாக ஏற்றுவது எளிது. ஆனால் போகவர ஆகும் நேரம் பயிற்சி நேரத்தை மிஞ்சினால் மூன்றாவது மாதம் நின்றுவிடுவீர்கள். வீட்டில் செய்தால் சாக்குச் சொல்ல முடியாது, ஆனால் எடை சீக்கிரம் போதாமல் போய்விடும். பயிற்சியாளருக்குப் பணம் செலவழிப்பதானால் முதல் இரண்டு மாதத்துக்குச் செலவழியுங்கள், முறையைக் கற்றுக்கொள்வதற்காக. வந்ததும் எடையைக் கையில் கொடுக்காமல், முன்பு அடிபட்டதையும் சாப்பிடும் மாத்திரைகளையும் கேட்கிறவராக இருந்தால் நல்ல ஆள்.

நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், உழைப்புக்குப் பொருந்தாத மூச்சுத்திணறல் இருப்பவர்கள் எதையும் தொடங்குமுன் மருத்துவரைப் பார்க்கவேண்டும். இன்சுலின் போடுபவர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சர்க்கரையை அளந்துகொள்வது அவசியம். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் கனமான எடை தூக்கலாமா என்று கண் மருத்துவரையே கேட்கவேண்டும். மற்றவர்கள் மெதுவாகத் தொடங்குவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அம்மாவுக்கு ஜிம் என்றால் சிரிப்பு. சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டேன். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. 70 முதல் 74 வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழ், ஆண்களுக்குப் பன்னிரண்டு. அம்மா ஆறு எழுந்தார். முதலில் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டினோம். ஐந்து ஐந்தாக மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். எழும்போது சட்டென்று, உட்காரும்போது மூன்று எண்ணும்வரை மெதுவாக. பொத்தென்று விழுந்தால் அந்தத் தடவை கணக்கில்லை. ஐந்தாவது வாரம் தலையணையை எடுத்தோம். இரண்டு மாதம் கழித்துக் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். நான்காவது மாத முடிவில் பதினொன்று எழுந்தார்.

இப்போதும் யாராவது விசாரித்தால், "எனக்கென்ன, தினமும் நடக்கிறேனே" என்றுதான் சொல்கிறார். நாற்காலியைப் பற்றி வாயே திறப்பதில்லை.